கொலைகாரனின் பட்டியலில் அவனுடைய வழக்கறிஞர்: கேரோ வழக்கும் அதைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்ட விதமும்

2003 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற நீதிமன்றத் தொடரின் 14ஆம் பருவம் ‘பாடீஸ்’ (உடல்கள்) என்ற அத்தியாயத்துடன் தொடங்கியது. பிடிபட்ட தொடர் கொலைகாரன் ஒருவன், இன்னும் கண்டெடுக்கப்படாத உடல்கள் எங்கே கிடக்கின்றன என்பதைத் தன் வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். வசதியற்றவர்களுக்காக அரசு அமர்த்தும் அந்த வழக்கறிஞர், கட்சிக்காரன் சொன்னதை வெளியிட முடியாது என்று உறுதியாக நிற்கிறார். அரசுத் தரப்பின் ஜாக் மெக்காய் பொறுமை இழந்து, கொலைகளுக்கு உடந்தை என்று அந்த வழக்கறிஞர் மீதே வழக்குத் தொடுக்கிறார். கொலைகாரனோ தன் ரகசியம் இரண்டு வழக்கறிஞர்களை மோதவிட்டிருப்பதை அறிந்தவனாக உட்கார்ந்திருக்கிறான்.

தன்னைக் காக்க வந்தவரையே வதைத்து மகிழும் கொலைகாரன், நீதிமன்றத் தொடர்களை எழுதுவோருக்கு மிகவும் பிடித்த பாத்திரம். சிறையின் சந்திப்பு அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு துணுக்காக உண்மையை அவிழ்த்து, எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை ரசிக்கும் அவனைக் காட்டுவதற்குச் செலவும் குறைவு, இரண்டு நல்ல நடிகர்கள் போதும். ‘பாடீஸ்’ அத்தியாயம் தொடும் சிக்கல் உண்மையில் நிகழ்ந்தது. 1973 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிராண்டாக் மலைக்காட்டில் அது தொடங்கியது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் புதைந்த உடல்கள் வழக்கு என்று அதைக் கற்பிக்கிறார்கள். பாடம் பெரும்பாலும் 1976இல் மேல்முறையீட்டுத் தீர்ப்புடன் முடிந்துவிடுகிறது. கொலைகாரன் சிறையிலிருந்து தப்பிய 1978ஆம் ஆண்டையும் சேர்த்து வாசித்தால்தான் இந்த வழக்கு முழுமையாகப் புரியும் என்பது இந்த ஆய்வின் நிலைப்பாடு.

அந்தக் கொலைகாரனான ராபர்ட் கேரோ 1936இல் நியூயார்க் மாநிலத்தின் டானமோராவில் பிறந்தவன். பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 1960களின் தொடக்கத்தில் சிறை சென்று, 1968இல் பரோலில் வெளியே வந்து, சிரக்யூஸ் நகரில் ரொட்டி ஆலை ஒன்றில் மெக்கானிக்காக வேலை பார்த்தான். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். திருந்தி வாழ்பவன் என்றே வெளியில் பெயர். அந்தக் காலத்தில் அவன் சிக்கிய வழக்குகளில் அவனுக்காக ஆஜரானவர் சிரக்யூஸ் வழக்கறிஞர் ஃபிராங்க் ஆர்மானி. ஆகவே பின்னர் கொலை வழக்கில் இருவரும் சந்தித்தபோது ஒருவருக்கொருவர் அந்நியர்கள் அல்லர்.

1973 ஜூலை 29 அன்று வெல்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே காட்டில் கூடாரமடித்துத் தங்கியிருந்த நான்கு இளையவர்களைக் கேரோ துப்பாக்கி முனையில் மடக்கி மரங்களில் கட்டினான். அவர்களில் 18 வயது இளைஞர் ஒருவரைக் குத்திக் கொன்றான். மற்றவர்கள் உயிர் தப்பினர். தொடர்ந்து 12 நாட்கள் நடந்த தேடல், அந்த மாநிலம் அதுவரை கண்டவற்றில் மிகப் பெரியது. காவலர்களும் வனத்துறையினரும் மோப்ப நாய்களும் ஹெலிகாப்டர்களும் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் அவன் நழுவிக்கொண்டே இருந்தான். ஆகஸ்ட் 9 அன்று சுடப்பட்டுக் காயத்துடன் பிடிபட்டான். அந்த 12 நாட்களும் எப்படி மறைந்திருந்தான் என்பதை அவன் பின்னர் தன் வழக்கறிஞரிடம் விவரித்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த விவரத்துக்கு வேறொரு பயன் வந்தது.

நீதிமன்றம் ஆர்மானியை நியமித்தது. குற்றவியல் வழக்குகளில் அனுபவம் மிக்க ஃபிரான்சிஸ் பெல்ஜ் அவருடன் சேர்ந்துகொண்டார். குற்றத்தை மறுப்பதற்கு வழியே இல்லாத நிலையில் மனநிலை பிறழ்வு என்ற ஒரே வாதம்தான் எஞ்சியிருந்தது, அந்த வாதத்துக்குக் கட்சிக்காரனின் முழு வரலாறும் தேவைப்பட்டது. முதலில் எதுவும் நினைவில்லை என்றவன், மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினான். அதே கோடையில் ஹார்வர்ட் மாணவர் ஒருவரைக் கொன்றதையும், அவருடன் இருந்த பாஸ்டன் பல்கலைக்கழக மாணவியைக் கடத்திச் சென்று கொன்றதையும், சிரக்யூஸில் 16 வயதுப் பள்ளி மாணவி ஒருவரைக் கொன்றதையும் சொன்னான். ஹார்வர்ட் மாணவரின் உடல் முன்பே கிடைத்திருந்தது. மற்ற இருவரும் காவல்துறையின் ஏடுகளில் அப்போது காணாமல் போனவர்கள் மட்டுமே.

சொன்னது உண்மையா, நோயுற்ற மனத்தின் கற்பனையா என்று வழக்கறிஞர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மைன்வில் என்ற ஊருக்கு அருகே கைவிடப்பட்ட சுரங்கத்தின் செங்குத்துக் குழியிலும், சிரக்யூஸின் ஓக்வுட் கல்லறைத் தோட்டத்திலும் தேடினார்கள். இரண்டு இடங்களிலும் அவன் சொன்னபடியே உடல்கள் இருந்தன. புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிய அவர்கள், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இந்த மௌனத்துக்கு அடிப்படை என்ன? கட்சிக்காரன் தன் வழக்கறிஞரிடம் அஞ்சாமல் பேச முடிந்தால்தான் அவனுக்கு வழக்கறிஞர் இருப்பதற்குப் பொருள் உண்டு என்பது ஆங்கிலேய, அமெரிக்கச் சட்ட மரபின் பழைய கொள்கை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல ஒருவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் கூறுகிறது. அவன் வாயிலிருந்து அரசு பெற முடியாததை அவன் வழக்கறிஞரின் வாயிலிருந்து பெறலாம் என்றால், அந்தத் திருத்தம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். உடல்களின் இடத்தைச் சொல்வதும், அவற்றைப் போட்டது யார் என்று சொல்வதும் இங்கே ஒன்றுதான். கேரோவின் வழக்கறிஞர்கள் தொலைபேசியில் பெயர் சொல்லாமல் தகவல் தந்திருந்தாலும், அது யாரிடமிருந்து வந்தது என்பது எளிதில் வெளிப்பட்டிருக்கும்.

அந்தக் கொள்கைக்கு அவர்கள் கொடுத்த விலையைத் தொலைக்காட்சி சரியாகக் காட்டியதாகத் தெரியவில்லை. பாஸ்டன் மாணவியின் தந்தை இல்லினாயிலிருந்து கிளம்பி வந்து, மகளைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்று நேரில் கேட்டார். சுரங்கக் குழிக்குள் தாமே கண்டதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆர்மானியின் சொந்தச் சகோதரர் விமானப்படையில் பணியாற்றியபோது மறைந்தவர், அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. ஆகவே உடல் கிடைக்காத குடும்பத்தின் நிலை என்ன என்பதை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தக் காட்சியில் கேரோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் சிறையில் இருக்கிறான். வதை முழுவதும் ஒரு தொழில் விதியிலிருந்தும், அதை மீறக் கூடாது என்று அந்த இருவரும் எடுத்த முடிவிலிருந்தும் வருகிறது. சிரித்துக்கொண்டே சீண்டும் கொலைகாரனைத் திரையில் வைத்துவிட்டால் பார்வையாளரின் கோபம் முழுவதும் அவன் மீது இறங்கிவிடும். விதியின் மீது கோபப்பட வேண்டிய சங்கடம் அவர்களுக்கு நேர்வதில்லை.

இடையில் அவர்கள் ஒரு வழியைத் தேடினார்கள். கேரோவைச் சிறைக்கு அனுப்பாமல் மனநல மருத்துவமனைக்கு அனுப்ப ஒப்புக்கொண்டால், தீராத வேறு வழக்குகளில் உதவ முடியும் என்று அரசுத் தரப்பிடம் குறிப்பாகத் தெரிவித்தார்கள். அரசுத் தரப்பு மறுத்துவிட்டது. கட்சிக்காரனின் நலனும் குடும்பங்களின் அமைதியும் ஒருசேர நிறைவேறக்கூடிய ஒரே பேரம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும், இறந்த பிள்ளைகளின் உடல்களைப் பேரப் பொருளாக்கினார்கள் என்ற பழி பின்னாளில் இதனால்தான் அவர்கள் மீது மிகக் கடுமையாக விழுந்தது. 1973 முடிவதற்குள் இரண்டு உடல்களும் வேறு ஆட்களின் கண்ணில் தற்செயலாகப் பட்டன. அதன் பிறகும், தங்களுக்கு முன்பே தெரியும் என்பதை வழக்கறிஞர்கள் வெளியிடவில்லை.

வழக்கு 1974 கோடையில் ஹாமில்டன் கவுண்டியின் லேக் பிளசன்டில் நடந்தது. மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி அது. தேடலின்போது கதவைத் தாழிட்டுத் துப்பாக்கியுடன் தூங்கியவர்களிலிருந்துதான் ஜூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டுக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்ட கேரோ, தான் செய்த நான்கு கொலைகளையும் பல பாலியல் வன்கொடுமைகளையும் தானே விவரித்தான். இவ்வளவையும் செய்தவன் நிதானமான மனம் உள்ளவனாக இருக்க முடியாது என்று ஜூரி நம்ப வேண்டும் என்பது வாதத்தின் நோக்கம். ஜூரி நம்பவில்லை. குறைந்தபட்சம் 25 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என்று தண்டனை விதிக்கப்பட்டது.

கட்சிக்காரனே பொது மன்றத்தில் பேசிவிட்டதால் பூட்டு திறந்தது. ஆர்மானியும் பெல்ஜும் தங்களுக்கு மாதக்கணக்கில் இது தெரியும் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். அதன் பிறகு மிரட்டல்கள் வந்தன, கட்சிக்காரர்கள் விலகினார்கள், ஆர்மானியின் உடல்நிலையும் தொழிலும் சரிந்தன, பெல்ஜ் காலப்போக்கில் வழக்கறிஞர் தொழிலையே விட்டார்.

குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் குழு, ஆர்மானி மீது குற்றம் சாட்ட மறுத்து, பெல்ஜ் மீது மட்டும் குற்றம் சாட்டியது. சாட்டப்பட்ட குற்றம் உடந்தையும் அல்ல, நீதிக்கு இடையூறும் அல்ல. இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்கச் செய்ய வேண்டும், மருத்துவ உதவியின்றி நேர்ந்த மரணத்தை அறிவிக்க வேண்டும் என்று கூறும் நியூயார்க் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 4200, 4143 பிரிவுகளைத் தோண்டி எடுத்திருந்தார்கள். 1975இல் நீதிபதி ஆர்மண்ட் கேல் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். அரசியலமைப்பு தரும் உரிமை ஒரு தட்டிலும், அபூர்வமாகவே கையாளப்படும் சுகாதார விதி மறு தட்டிலும் இருக்கும்போது எது கனமானது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் தீர்ப்பில் ஒரு வாசகத்தைப் பலரும் கடந்துவிடுகிறார்கள்: நீதிக்கு இடையூறு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் தன் வேலை மிகவும் கடினமாக இருந்திருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மேல்முறையீட்டு அமர்வும் தள்ளுபடியை உறுதி செய்தது. கூடவே, வழக்கறிஞர் கட்சிக்காரனின் நலனைக் காப்பதோடு மனிதப் பண்பின் அடிப்படை நெறிகளையும் மதிக்க வேண்டும் என்று ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. 1976இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றாமல் விட்டது.

நீதிபதி கேல் திறந்து வைத்த அந்தச் சிறு சந்தின் வழியாகத்தான் ‘லா அண்ட் ஆர்டர்’ எழுத்தாளர்கள் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். பெல்ஜ் மீது யாரும் சாட்டாத கனமான குற்றத்தை மெக்காய் சாட்டுகிறார். நாடகத்துக்கு அது நல்ல தேர்வு; சட்டத்தின்படி பலவீனமானது. வழக்கறிஞருக்குத் தெரிந்திருப்பது வேறு, அவர் செய்வது வேறு. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1981இல் மெரிடித் வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது: கட்சிக்காரன் சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்ப்பது வரையில் ரகசியப் பாதுகாப்பு நீடிக்கும், அங்கிருந்த பொருளை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ, அது எங்கே கிடந்தது என்ற தகவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகும். வாயை மூடிக்கொண்டிருந்ததை மட்டும் உடந்தை என்று நிரூபிப்பது எந்த அரசு வழக்கறிஞருக்கும் எளிதல்ல.

இனி 1978. பிடிபட்டபோது பட்ட குண்டுக் காயத்தால் தன் உடல் செயலிழந்துவிட்டது என்று கேரோ சாதித்து, மருத்துவத்தில் அலட்சியம் காட்டியதாக மாநிலத்தின் மீது 1 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்கும் போட்டிருந்தான். நடக்க முடியாதவன் எங்கே ஓடப் போகிறான் என்ற நம்பிக்கையில், காவல் குறைந்த ஃபிஷ்கில் சிறைக்கு அவனை மாற்றினார்கள். அவனுடைய மகன் பொரித்த கோழி வாளியில் மறைத்துக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். செப்டம்பர் 8 அன்று கேரோ நாற்காலியை விட்டு எழுந்து, உயர்ந்த வேலியில் ஏறிக் குதித்துப் போனான். சுரங்கம் முதல் கூண்டு வரை இந்த வழக்கு நெடுகிலும் ஏளனம் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டென்றால் அது இந்த நடிப்புதான். நான்கு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்களையும் சிறை அதிகாரிகளையும் நீதிமன்றத்தையும் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏய்த்திருக்கிறான்.

அவன் கொல்ல நினைத்தவர்களின் பட்டியல் ஒன்று அகப்பட்டது. அதில் ஆர்மானியின் பெயர் இருந்தது. அவனுடைய ரகசியத்துக்காகத் தன் தொழிலையும் ஊராரின் மதிப்பையும் இழந்த மனிதரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏன் வந்தது என்பதற்குத் திரைக்கதை ஆசிரியர் ஒருவர் நிச்சயம் ஒரு வசனம் எழுதியிருப்பார். உண்மையில் அப்படியொரு உரையாடல் நிகழவில்லை. பெயர் மட்டுமே இருந்தது.

காவல்துறை ஆர்மானியிடம் வந்தது. இம்முறை அவர் பேசினார். 1973 தேடலில் கேரோ வெகுதூரம் ஓடவில்லை, அருகிலேயே புதருக்குள் அசையாமல் கிடந்து, தேடுபவர்கள் தன்னைக் கடந்து போகும் வரை காத்திருந்தான் என்பதை அவர் எடுத்துச் சொன்னார். சாலைகளிலும் தொலைதூர ஊர்களிலும் தேடுவதைக் காட்டிலும் சிறையைச் சுற்றியுள்ள புதர்களில் தேடுவதே பயன் தரும் என்பது அதன் பொருள். செப்டம்பர் 11 அன்று சிறைக்கு அருகிலேயே புதருக்குள் கேரோ கண்டுபிடிக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் இறந்தான்.

இந்தச் செயலை எப்படி மதிப்பிடுவது? மேலோட்டமாகப் பார்த்தால் ஆர்மானி தன் பழைய நிலைப்பாட்டுக்கு முரணாக நடந்ததாகத் தோன்றும். கட்சிக்காரன் ரகசியமாகச் சொன்ன அதே பேச்சிலிருந்து எடுத்த தகவலைத்தான் அவர் காவல்துறையிடம் கொடுத்தார். உயிருக்கு அஞ்சியதும் உண்மை. எனினும் நியூயார்க் வழக்கறிஞர்கள் 1970 முதல் ஏற்றுக்கொண்டிருந்த தொழில் நெறித் தொகுப்பு இரண்டு நிலைகளையும் வேறாகவே வைத்திருந்தது. நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றிக் கட்சிக்காரன் சொன்னதை வெளியிடக் கூடாது. அவன் இனிமேல் ஒரு குற்றம் செய்ய எண்ணியிருந்தால், அதைத் தடுக்கத் தேவையான தகவலை வெளியிடலாம். 1973இல் அந்த மாணவிகள் இறந்துவிட்டார்கள்; வழக்கறிஞர்கள் என்ன பேசியிருந்தாலும் எந்த உயிரும் திரும்பியிருக்காது. 1978இல் துப்பாக்கியுடன் ஒருவன் வெளியே இருந்தான், பட்டியலில் இருந்தவர்கள் அனைவரும் உயிருடன் இருந்தார்கள். அச்சத்தில் செய்ததும் விதிக்கு உட்பட்டதாக இருக்கக்கூடும். ஆர்மானியின் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது என்பது என் மதிப்பீடு. தகவல் பழையது என்பதால் தடை வராது, அது எதற்குப் பயன்பட்டது என்பதையே பார்க்க வேண்டும்.

நடந்த குற்றத்துக்கும் நடக்கப்போகும் குற்றத்துக்கும் இடையிலான இந்தக் கோட்டைத்தான் தொலைக்காட்சி தொலைத்தது. ஏபிசி தொலைக்காட்சி 1987இல் ‘ஸ்வோர்ன் டு சைலன்ஸ்’ என்ற பெயரில் இதைத் தொலைக்காட்சித் திரைப்படமாக எடுத்தது. பீட்டர் கயோட்டியும் டாப்னி கோல்மனும் வழக்கறிஞர்களாக நடித்தார்கள், கோல்மனுக்கு எம்மி விருதும் கிடைத்தது. அப்போது அவ்வளவாக அறியப்படாத லியாம் நீசன் அதில் கொலைகாரனாக வருகிறார். ‘பாடீஸ்’ போன்ற அத்தியாயங்களில் ரகசியமும் மிரட்டலும் ஒரே மனிதனிடமிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. ஆகவே வழக்கறிஞர் வாய் திறக்காதது பிடிவாதமாகவோ வீரமாகவோ தெரிகிறது. அவரைத் தடுப்பது கடந்த காலத்தைப் பற்றிய விதி என்பதும், நாளை ஒருவர் சாகக்கூடும் என்றால் அதே விதி வழிவிடும் என்பதும் கண்ணில் படுவதில்லை.

இதற்குப் பின் வந்த விதிகள் அந்தக் கோட்டை மேலும் நகர்த்தியுள்ளன. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 1983 மாதிரி விதிகள், கட்சிக்காரன் செய்யப்போகும் குற்றத்தால் உடனடி மரணமோ கடும் காயமோ நேரும் என்றால் மட்டும் வெளியிட அனுமதித்தன. 2002 திருத்தம் அதைத் தளர்த்தியது: நேரும் என்று நியாயமான அளவில் உறுதியாகத் தெரியும் மரணத்தையோ கடும் காயத்தையோ தடுக்க என்றால் போதும்; ஆபத்து உடனடியாக இருக்க வேண்டும், அது கட்சிக்காரனின் குற்றத்தால் விளைய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் போய்விட்டன. கேரோ அந்த மாணவியைச் சுரங்கத்தில் உயிருடன் விட்டுவிட்டுப் பிடிபட்டிருந்தால் என்ன செய்வது என்ற, வகுப்பறைகளில் வழக்கமாக எழுப்பப்படும் கேள்விக்கு இந்தத் திருத்தத்தின்படி விடை தெளிவு. ஆனாலும் அது அனுமதி மட்டுமே. நியூயார்க்கில் இன்றும் வழக்கறிஞர் அத்தகைய தகவலை வெளியிடலாம், வெளியிடாமலும் இருக்கலாம்; ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில், கட்சிக்காரனின் குற்றத்தால் ஒருவர் சாகக்கூடும் என்று நியாயமாக நம்பும் வழக்கறிஞர் அதை உரிய அதிகாரிகளிடம் சொல்லியே ஆக வேண்டும். 1978 செப்டம்பரில் ஆர்மானி தாமே எடுத்த முடிவை, இன்று அங்கே ஒரு வழக்கறிஞருக்கு விதியே எடுத்துக் கொடுக்கிறது.